பறவை எத்தனை மீட்டரில் இருக்கும்? வேட்டைக்கு ஷாட்கன் தேர்ந்தெடுப்பது பற்றி

நான் முதலில் வாங்கிய ஷாட்கன் 12 போர் (போர் என்பது குழல் உள்விட்டத்தின் அளவு). குழல் நீளம் 76 செ.மீ., குழலின் வாய் முழுதாக நெருக்கப்பட்டது, எடை மூன்றரைக் கிலோவுக்கு மேல். வாத்து வேட்டைக்காக ஒருவர் பல ஆண்டுகள் வைத்திருந்தது. "எல்லாவற்றுக்கும் இது ஒன்றே போதும்" என்று அவர் சொன்னதை நம்பி வாங்கினேன். அந்த ஆண்டே அதைச் சுமந்துகொண்டு கவுதாரிக்குப் போனேன். நண்பகலுக்குள் தோள் இறங்கிவிட்டது. நாய் உறைந்து நின்ற புதரிலிருந்து, பத்துப் பன்னிரண்டு மீட்டரில், கவுதாரிகள் படபடவென்று கிளம்பின. முதல் மூன்றும் தப்பிவிட்டன. நான்காவது விழுந்தது. கையில் எடுத்துப் பார்த்தால் இறகும் எலும்பும்தான், சமைக்க ஒன்றும் மிஞ்சவில்லை.

துப்பாக்கியில் குறை ஏதும் இல்லை. 40 மீட்டரில் தலைக்கு மேல் போகும் வாத்துக்காகச் செய்யப்பட்டதை 12 மீட்டர் கவுதாரிக்குக் கொண்டுபோனது என் குறை. அன்றிலிருந்து யாராவது எந்த ஷாட்கன் வாங்கலாம் என்று கேட்டால், போர், கம்பெனி, வேலைப்பாடு எதையும் பேசுவதற்கு முன் இரண்டு கேள்விகளைத் திருப்பிக் கேட்கிறேன். விசையை இழுக்கும் நொடியில் பறவை எத்தனை மீட்டரில் இருக்கும்? அதைக் காண்பதற்கு முன் நீங்கள் எத்தனை கிலோமீட்டர் நடந்திருப்பீர்கள்? முதல் கேள்வி குழல் வாயையும் ரவையையும், அதாவது தோட்டாவிலிருந்து சிதறும் சிறு உருண்டைகளையும், முடிவு செய்கிறது, இரண்டாவது எடையை. மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்தான்.

வேட்டையைச் சட்டம் அனுமதிக்கும் நாட்டில், உரிமத்தோடு, பருவத்துக்குள், அனுமதிக்கப்பட்ட பறவைகளை மட்டும் சுடுபவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். இவற்றில் ஒன்று குறைந்தாலும் எந்தத் துப்பாக்கி என்ற கேள்விக்கே இடமில்லை.

போர் எண் சொல்வதும் சொல்லாததும்

போர் எண்ணின் கணக்கு மிகப் பழையது. ஒரு பவுண்டு ஈயத்தை, அதாவது ஏறத்தாழ 454 கிராமை, எத்தனை சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டை குழலுக்குள் சரியாகப் பொருந்துமோ அதுவே போர் எண். ஆகவே எண் கூடக் கூடக் குழல் ஒடுங்கும். 12 போரின் உள்விட்டம் 18.5 மி.மீ., 16 போருக்கு 16.8, 20 போருக்கு 15.6, 28 போருக்கு 14. பாயிண்ட் 410 மட்டும் இந்தக் குடும்பத்தில் சேராதது. அது அங்குலத்தில் சொல்லப்படும் நேரடி விட்டம், 10.4 மி.மீ.

பெரிய போர் என்றால் ரவை வேகமாகப் போகும் என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வழக்கமான ஈயத் தோட்டாக்களில் 12 ஆனாலும் 20 ஆனாலும் ரவை கிளம்பும் வேகம் நொடிக்கு 370 முதல் 400 மீட்டர் அளவில்தான் இருக்கிறது. பறவையைத் தைத்த ஒற்றை ரவையைப் பார்த்து அது எந்தப் போரிலிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. வேறுபாடு எண்ணிக்கையில் இருக்கிறது. 12 போர் தோட்டாவில் பெரும்பாலும் 28 முதல் 36 கிராம் ரவை இருக்கும், 20 போரில் 24 முதல் 28, 28 போரில் 21, 410இல் 14 முதல் 20 கிராம். 2.8 மி.மீ. ஈய ரவையானால் 28 கிராமுக்குச் சுமார் 225 ரவைகள் வரும். 14 கிராமுக்கு அதில் பாதி. அந்தப் பாதியை 30 மீட்டரில் விரித்தால் காடை ஒன்று கீறல்கூட இல்லாமல் நுழைந்து போகும் ஓட்டைகள் இருக்கும்.

இதனால்தான் 410ஐச் சிறுவர்களிடம் கொடுத்துப் பழக்கும் வழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. உதைக்காது, கனமில்லை என்பது உண்மை. ஆனால் பத்துக்கு எட்டு தப்பும்போது அந்தப் பிள்ளை பயிற்சியை விட்டுவிட்டுத் தன்னையே நொந்துகொள்ளத் தொடங்கிவிடும். 410 கைதேர்ந்தவர் தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் கருவி. கற்றுக்கொள்பவருக்கு, வாயு அழுத்தத்தால் இயங்கி அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றும் 20 போர் செமி ஆட்டோவும் 24 கிராம் தோட்டாவும் பொருத்தம்.

16 போர் அருமையான அளவு. ஆனால் தோட்டா தேடி அலைய வேண்டும், அதிலும் ஈயமில்லாத தோட்டா இன்னும் அரிது. 10 போர் பெரிய வாத்துகளுக்கு என்று இருந்தது. 1988இல் 89 மி.மீ. நீளத் தோட்டாவைச் சுடும் 12 போர் வந்தபின் அதை வாங்க வேண்டிய காரணம் அநேகமாகப் போய்விட்டது. 28 போர் பற்றி ஒரு பக்தி கலந்த பேச்சு உலவுகிறது, ரவை விரிவது அதில் தனி அழகு என்று. நான் சுட்டுப் பார்த்தவரை அது 21 கிராம் ரவையை நேர்மையாக வீசும் இலேசான துப்பாக்கி. மந்திரம் ஒன்றும் இல்லை. இலேசாக இருப்பதே போதுமான காரணம் என்பவர்களோடு சண்டை இல்லை.

வீட்டில் இரண்டு போர் வைத்திருப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. 20 போர் தோட்டா 12 போர் குழலுக்குள் வழுக்கிச் சென்று, அறைக்கு (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) அப்பால் சிக்கி நிற்கும். வெளியே இருந்து பார்த்தால் அறை காலி. அதன் பின்னால் 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும், கையும் போகலாம். 20 போர் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் வந்ததே இதனால்தான். இரண்டையும் ஒரே பைக்குள், ஒரே சட்டைக்குள் வைக்கவே வைக்காதீர்கள்.

சோக்: எல்லோரும் அளவுக்கு மேல் நெருக்குகிறார்கள்

குழலின் கடைசிச் சில சென்டிமீட்டரில் உள்விட்டம் சற்று ஒடுங்குவதைத்தான் சோக் என்கிறோம். 12 போரில் முழு சோக் என்றால் ஒடுக்கம் ஏறத்தாழ 1 மி.மீ., அரை சோக்குக்கு அரை மி.மீ., இம்ப்ரூவ்டு சிலிண்டர் என்ற திறந்த வகைக்கு கால் மி.மீ. நகத்தின் கனமளவு மாற்றம்தான். ஆனால் ரவை விரியும் விதமே மாறிவிடுகிறது. அளவுகோல் இது: 40 கெஜம், அதாவது சுமார் 36.5 மீட்டர் தூரத்தில் 76 செ.மீ. வட்டத்துக்குள் எத்தனை சதவீத ரவை விழுகிறது என்று பார்ப்பது. ஒடுக்கமே இல்லாத சிலிண்டர் 40 சதவீதம், இம்ப்ரூவ்டு சிலிண்டர் 50, அரை 60, முழு 70.

இந்த எண்களைப் பார்த்ததும் எல்லோருக்கும் 70 சதவீதம்தான் வேண்டியிருக்கிறது. எனக்கும் வேண்டியிருந்தது. 36 மீட்டரில் சுடுபவருக்கு அது நியாயம். 18 மீட்டரில் கதை வேறு. அங்கே திறந்த குழலின் விரிவு ஏறத்தாழ 80 செ.மீ., முழு சோக்கின் விரிவு அதில் பாதி. பரப்பில் கணக்கிட்டால் கால் பங்கு. இன்னும் நெருங்கி, என் கவுதாரி கிளம்பிய 12 மீட்டரில், முழு சோக்கின் ரவை ஒரு சாப்பாட்டுத் தட்டின் அகலம்தான் இருக்கும். தட்டுக்கு வெளியே இருந்த மூன்று தப்பின, உள்ளே இருந்த ஒன்று கூழாயிற்று.

25 மீட்டருக்கு உட்பட்ட வேட்டை என்றால் சிலிண்டர் அல்லது இம்ப்ரூவ்டு சிலிண்டர். 25 முதல் 35 வரை அரை சோக். அதற்கு மேல்தான் முழு. தூரத்தை மனிதக் கண் எப்போதும் தவறாகவே மதிப்பிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெட்டவெளியில் 30 மீட்டர் என்று தோன்றுவது பல நேரம் 45 இருக்கும், காட்டுக்குள் 25 என்று நினைத்தது 14 இருக்கும். வேட்டைக்களத்தில் நாலைந்து மரங்களுக்குத் தூரத்தை அடி வைத்து அளந்துவிட்டு நிற்பது வெட்கப்பட வேண்டிய வேலை அல்ல.

புதிய துப்பாக்கிகளில் சோக்கைத் திருகிக் கழற்றி மாற்றலாம். இந்த ஒரு வசதிக்காகவே, அழகான பழைய நிலைச் சோக் துப்பாக்கியைவிடச் சாதாரணமான புதியது முதல் வேட்டைக்காரருக்கு மேல் என்பேன்.

நடந்து தேடும் பறவைகள்

காடை, கவுதாரி, க்ரவுஸ், மர உள்ளான், ஃபெசன்ட் இவையெல்லாம் காலடியில் ஒளிந்திருந்து திடீரென்று கிளம்புபவை. சுடும் தூரம் பெரும்பாலும் 12 முதல் 30 மீட்டர். ஒரு நாளில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் நடந்து, பத்துப் பன்னிரண்டு தோட்டா செலவழித்தால் அதுவே நல்ல நாள். சுடுவது சில நொடி, சுமப்பது முழு நாள். எனவே முதல் அளவுகோல் எடை.

ஆனால் எடையைக் குறைத்துக்கொண்டே போக முடியாது. 19ஆம் நூற்றாண்டில் பர்மிங்காமில் துப்பாக்கி செய்த டபிள்யூ. டபிள்யூ. கிரீனர் பெயரால் வழங்கும் ஒரு கணக்கு உண்டு. துப்பாக்கியின் எடை, ரவையின் எடையைப் போல் 96 மடங்காவது இருக்க வேண்டும். 21 கிராம் ரவைக்கு 2 கிலோ, 28 கிராமுக்கு 2.7 கிலோ, 36 கிராமுக்கு ஏறத்தாழ மூன்றரை. இதற்குக் கீழே போனால் உதை தாங்காது, உதைக்குப் பயந்து விசையைச் சுண்டுவீர்கள், பறவை போய்விடும். இலேசான துப்பாக்கி வாங்கி அதில் கனமான தோட்டா போடுவதுதான் நான் மிக அதிகம் பார்த்த தவறு. 2.5 கிலோ 20 போரில் ரவை கூடுதலாக அடைத்த 36 கிராம் மேக்னம் தோட்டா போட்டுச் சுடுபவர் 12 போரையே வாங்கியிருக்கலாம்.

இன்னொரு பக்கமும் உண்டு. மிக இலேசான துப்பாக்கி தோளுக்குச் சட்டென்று வரும், ஆனால் பறவையோடு ஓடும்போது பாதியில் நின்றுவிடும். குழல் முனையில் கொஞ்சம் கனம் இருந்தால்தான் வீச்சு தொடரும். காட்டுக்குள் 15 மீட்டரில் கிளம்பி இரண்டு நொடியில் மறையும் மர உள்ளானுக்கு அந்தக் குறை தெரியாது. வெட்டவெளி ஃபெசன்ட்டுக்குத் தெரியும்.

என் தேர்வு இப்படி. காடை, மர உள்ளான், அடர்ந்த புதரில் க்ரவுஸ் என்றால் 20 அல்லது 28 போர் இரட்டைக்குழல், 66 செ.மீ. குழல், ஒரு குழலில் சிலிண்டர், மற்றதில் இம்ப்ரூவ்டு சிலிண்டர், 2.3 அல்லது 2.4 மி.மீ. ரவை. கவுதாரிக்கு அதே துப்பாக்கி போதும், ரவை ஓரளவு பெரிதாக இருக்கட்டும். ஃபெசன்ட் வேறு சாதி. கிலோவுக்கு மேல் எடையுள்ள, இறகு தடித்த, ஓரிரு ரவை பட்டாலும் இறங்கி ஓடிவிடும் பறவை அது. அதற்கு 12 போரில் 32 கிராம், 2.8 முதல் 3 மி.மீ. ரவை, இம்ப்ரூவ்டு சிலிண்டரும் அரை சோக்கும். 20 போரால் முடியாதா என்றால் முடியும், 30 மீட்டருக்குள் மட்டும் சுடும் கட்டுப்பாடு உங்களிடம் இருந்தால். ஆட்கள் விரட்டிவிட, உயரத்தில் தலைக்கு மேல் வரும் ஃபெசன்ட்டுக்கு நடக்கவே வேண்டியதில்லை. அங்கே கனமான, 76 செ.மீ. குழல் 12 போர் தன் முழு மதிப்பைக் காட்டும்.

உள்ளானைத் தனியாகச் சொல்ல வேண்டும். சேற்று நிலத்தில் கோணல் மாணலாகப் பறக்கும் அந்தச் சிறு பறவையைச் சுடுவது எவ்வளவு கடினம் என்பதற்கு 'ஸ்னைப்' என்ற அதன் ஆங்கிலப் பெயரே சாட்சி. 18ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் படையினர் உள்ளான் சுடப் போனதிலிருந்துதான் 'ஸ்னைப்பர்' என்ற சொல் பிறந்தது. அதற்குத் திறந்த சோக்கும் சின்ன ரவையும், நிறையப் பொறுமையும்.

ரவை எண்களில் ஒரு குழப்பம் இருக்கிறது. அமெரிக்க எண்ணை 17இலிருந்து கழித்தால் ரவையின் விட்டம் அங்குலத்தின் நூறில் எத்தனை பங்கு என்று கிடைக்கும். 6ஆம் எண் என்றால் 11, அதாவது 2.8 மி.மீ. ஆனால் பிரிட்டிஷ் 6 அதைவிடச் சிறியது, பிரிட்டிஷ் 5தான் அமெரிக்க 6க்கு இணை. தோட்டாப் பெட்டியில் எண்ணைப் பார்க்காமல் மி.மீ. அளவைப் பார்த்து வாங்குங்கள். நான் இங்கே எண்களைத் தவிர்ப்பதும் அதனால்தான்.

வாத்தும் பெருவாத்தும்

நீர்ப்பறவை வேட்டையில் போரைவிட, சோக்கைவிட, முதலில் பேச வேண்டியது ரவை எதனால் ஆனது என்பதை. வாத்துகள் இரையை அரைக்கக் கல்மணிகளை விழுங்கும். சதுப்பில் கிடக்கும் ஈய ரவையையும் கல்லென்று விழுங்கும். இரைப்பையில் அது அரைபட்டுக் கரைந்து இரத்தத்தில் ஏறும். நாம் சுடாத வாத்துகளும் இப்படிச் சாகின்றன. அமெரிக்காவில் 1991 முதல் நீர்ப்பறவை வேட்டையில் ஈயம் முழுமையாகத் தடை. டென்மார்க் 1996இல் ஈய ரவையையே எல்லா வேட்டைக்கும் தடைசெய்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 பிப்ரவரி முதல் சதுப்பு நிலங்களிலும் அவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குள்ளும் தடை.

மாற்று மூன்று. ஸ்டீல் மலிவு, ஆனால் இலேசு. ஈயத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 11 கிராமுக்குச் சற்று மேல், ஸ்டீலுக்கு 7.8. அதனால் ஸ்டீல் ரவை கிளம்பும்போது வேகமாகக் கிளம்பி, வழியிலேயே அந்த வேகத்தை இழக்கும். ஈடுகட்ட இரண்டு எண் பெரிய ரவை போடுவது வழக்கம். ஈயத்தில் 3.3 மி.மீ. சுட்டவர் ஸ்டீலில் 3.8 மி.மீ. போட வேண்டும். பெரிய ரவை என்றால் தோட்டாவில் அதிக இடம் வேண்டும். 12 போரும் 76 மி.மீ. தோட்டாவும் வாத்து வேட்டையின் இயல்பான அளவாக ஆனது இதனால்தான். 20 போரில் ஸ்டீல் போட்டு வாத்து சுடலாம், பொம்மை வாத்துகளை மிதக்கவிட்டு 25, 30 மீட்டருக்கு இழுத்துச் சுடும் இடத்தில் மட்டும். பிஸ்மத்தின் அடர்த்தி சுமார் 9.6, ஈயம்போல மென்மையானது, விலை அதிகம். டங்ஸ்டன் கலவைகளில் சில 18 வரை போகும். விலையும் அதற்கேற்றபடி.

ஸ்டீல் கடினமானது, நசுங்காது. பழைய மெல்லிய குழல்களிலும் இறுக்கமான முழு சோக்கிலும் அதைச் சுட்டால் குழல் வாய் புடைத்துக்கொள்ளும். அதோடு, நசுங்காமல் உருண்டையாகவே போவதால் ஸ்டீல் ரவை அதிகம் சிதறாது. அரை சோக்கில் சுட்டால் முழு சோக்கைப் போன்ற குவியல் கிடைக்கும். ஆக, ஸ்டீலுக்கு அரை சோக்கே போதும். அப்பாவின் இரட்டைக்குழலை வெளியே எடுக்க ஆசை என்றால் அதில் பிஸ்மத் போடுங்கள், அதற்கு முன் துப்பாக்கி வேலை தெரிந்தவரிடம் குழலை அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

89 மி.மீ. தோட்டா வேண்டுமா? பெருவாத்துக்கு, அதாவது கூஸ் வேட்டைக்கு, சிலர் அது இல்லாமல் நகர மாட்டார்கள். நான் இரண்டு பருவம் சுட்டுவிட்டு நிறுத்திவிட்டேன். இரண்டாவது தோட்டா வெடிக்கும் முன்பே கன்னம் கட்டையிலிருந்து விலகிவிடுகிறது. அதில் கூடுதலாகக் கிடைத்த ரவைகள் வானத்துக்கே போயின. 76 மி.மீ. தோட்டாவில் பெரிய ரவை போட்டு, பறவையின் காலின் நிறம் தெரியும்வரை காத்திருப்பது நல்லது. 60 மீட்டரில் சுடுவதை எந்தத் தோட்டாவும் நியாயப்படுத்தாது. அங்கே நடப்பது பெரும்பாலும் காயப்படுத்துவது.

எடை இங்கே சுமை இல்லை. உட்கார்ந்து சுடுகிறீர்கள், குளிர் உடை தடிமனாக இருக்கிறது, மூன்றரைக் கிலோ உதையை விழுங்குகிறது. 71 அல்லது 76 செ.மீ. குழல் நிதானமாக வீசும்.

புறா, வான்கோழி

புறா வேட்டையில் தோட்டா தண்ணீராகச் செலவாகும். ஆகவே உதையும் உஷ்ணமும்தான் பிரச்சினை. வாயுவால் இயங்கும் செமி ஆட்டோ, 12 அல்லது 20 போர், 24 முதல் 28 கிராம், 2.3 அல்லது 2.4 மி.மீ. ரவை. தொடக்கத்தில் இம்ப்ரூவ்டு சிலிண்டர், புறா உயரத்தில் பறக்கத் தொடங்கினால் அரை சோக். மணிக்கு 60 கிலோமீட்டரில் குறுக்கே போகும் பறவை, ரவை 35 மீட்டரைக் கடப்பதற்குள் ஏறத்தாழ 2 மீட்டர் நகர்ந்துவிடும். புறா தப்புவதற்கு நூற்றுக்குத் தொண்ணூறு காரணம் இதுதான், துப்பாக்கி அல்ல.

வான்கோழி எல்லா விதிகளையும் தலைகீழாக்குகிறது. சுடும்போது அது பறப்பதில்லை, நிற்கிறது. நீங்கள் தலையையும் கழுத்தையும் மட்டும் குறிவைக்கிறீர்கள். விரிவு வேண்டாம், குவிவு வேண்டும். குட்டையான 61 செ.மீ. குழல், முழுவதைவிடவும் இறுக்கமான தனிச் சோக், நல்ல குறிவைப்பான். அடர்ந்த டங்ஸ்டன் ரவை வந்தபின் 20 போரும், ஏன் 410 கூட, 30 மீட்டரில் இந்த வேலையைச் செய்கிறது. மேலே 410ஐத் தாழ்த்திப் பேசியதை இந்த ஓர் இடத்தில் மட்டும் திரும்பப் பெறுகிறேன்.

இரட்டைக்குழலா, பம்ப்பா, செமி ஆட்டோவா

இரட்டைக்குழலின் பெரிய நன்மை, இரண்டு சோக் எப்போதும் கையில் இருப்பது. நெருங்கிக் கிளம்பும் பறவைக்குத் திறந்த குழல், விலகிப்போகும் பறவைக்கு இறுக்கமானது, நொடியில் தேர்ந்துகொள்ளலாம். அடுத்தது, மடித்துத் திறந்தால் தோட்டா இருக்கிறதா இல்லையா என்று பத்தடி தள்ளி நிற்பவருக்கும் தெரியும். வேலி தாண்டும்போதும் நாயோடு நடக்கும்போதும் இதைவிட நிம்மதி வேறில்லை. குழல்கள் பக்கவாட்டில் இணைந்தது அழகு, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியது கண்ணுக்குத் தெளிவான ஒற்றைக் கோட்டைத் தருகிறது. அமெரிக்கத் துப்பாக்கி வடிவமைப்பாளர் ஜான் பிரவுனிங் கடைசியாக வடிவமைத்தது அந்த அடுக்குக் குழல்தான், அவர் இறந்து ஐந்தாண்டு கழித்து 1931இல் விற்பனைக்கு வந்தது. முதல் துப்பாக்கியாக அடுக்குக் குழலைச் சொல்வேன்.

குழலடிப் பிடியை முன்னும் பின்னும் இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றுவது பம்ப். மலிவு, முரட்டு உழைப்பு. 1950இல் வந்த ரெமிங்டன் 870 ஒரு கோடிக்கு மேல் விற்றிருக்கிறது என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது. சேறு, உப்புக்காற்று, மணல், பனி எதிலும் அதன் ஓட்டம் நிற்காது. ஆனால் கையால் இழுத்து இழுத்துச் சுடும்போது வீச்சு குலையும். பழகியவருக்கு அது தெரியாது, பழகாதவருக்கு இரண்டாவது பறவை கிடைக்காது.

செமி ஆட்டோவில் இரண்டு சாதி. வாயுவால் இயங்குவது உதையை நீட்டி மென்மையாக்கும், ஆனால் கரி படியும், துடைக்க வேண்டும். உதையின் நிலைமத்தால் இயங்குவது சுத்தமாக ஓடும், இலேசாக இருக்கும், ஆனால் தோள் அதை உணரும், மெல்லிய தோட்டாவைச் சில நேரம் வெளியே தள்ளாது. வாத்துக்கு நான் பின்னதையும் புறாவுக்கு முன்னதையும் எடுப்பேன். செமி ஆட்டோவும் பம்ப்பும் பின்பகுதி நீண்டவை. அதே குழல் நீளத்துக்கு இரட்டைக்குழலைவிட 8 முதல் 10 செ.மீ. அதிகம். ஆகவே கடையில் குழல் நீளத்தை மட்டும் ஒப்பிடாதீர்கள். எத்தனை தோட்டா கொள்ளலாம் என்பதிலும் சட்டம் உண்டு. அமெரிக்காவில் வலசைப் பறவைகளுக்கு மொத்தம் மூன்று, அதற்கு மேல் ஏறாதபடி அடைப்பு போட்டிருக்க வேண்டும்.

தோளில் பொருந்துவது

இவ்வளவும் சரியாகத் தேர்ந்தெடுத்து, பின்கட்டை உடம்புக்குப் பொருந்தாவிட்டால் பயனில்லை. ரைஃபிளில் குறியைக் கண் தேடிக்கொள்ளும். ஷாட்கன்னில் பின்குறியே கிடையாது, உங்கள் கண்தான் பின்குறி. கன்னம் படும் விளிம்பு 3 மி.மீ. உயர்ந்தால் 15 மீட்டரில் ரவை ஏறத்தாழ 5 செ.மீ. மேலே போகும், 30இல் அதற்கு இரட்டிப்பு.

தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொண்டு, தூரத்தில் ஒரு புள்ளியைப் பாருங்கள். கண்ணை மூடி, துப்பாக்கியை இயல்பாகத் தோளுக்கு ஏற்றுங்கள். கண்ணைத் திறந்ததும் குழலின் நேர்கோடு அந்தப் புள்ளியில் இருக்க வேண்டும். கழுத்தை நீட்டியோ தலையைச் சாய்த்தோ சரிசெய்ய வேண்டியிருந்தால் அது உங்கள் துப்பாக்கி அல்ல. வாத்து வேட்டைக்கு என்றால் அந்தத் தடித்த குளிர் சட்டையை அணிந்துகொண்டே சோதியுங்கள், ஒரு சென்டிமீட்டர் தடிமன் எல்லாவற்றையும் மாற்றிவிடும். தொழிற்சாலையில் விசையிலிருந்து கட்டை முனைவரை 36 செ.மீ. அளவில் வைக்கிறார்கள். கை குட்டையானவர்களும் பெண்கள் பலரும் அதை வெட்டிக் குறைக்க வேண்டியிருக்கும். கூச்சப்படாமல் வெட்டுங்கள்.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால்

12 போர், 76 மி.மீ. அறை, திருகும் சோக்குகள், 71 செ.மீ. குழல், எடை 3.1 அல்லது 3.2 கிலோ. நடப்பது அதிகம் என்றால் அடுக்குக் குழல், நீரோரம் அதிகம் என்றால் செமி ஆட்டோ. 24 கிராமிலிருந்து 50 கிராம் வரை தோட்டா கிடைக்கும் ஒரே போர் 12தான் என்பது இந்தத் தேர்வுக்கு முக்கியக் காரணம். காடைக்கு அது கனம், பெருவாத்துக்கு இன்னும் கொஞ்சம் எடை இருந்திருக்கலாம். இந்த இரண்டு முணுமுணுப்போடும் இருபது ஆண்டுகள் வாழ்ந்துவிடலாம். இரண்டாவதாக ஒன்றுக்கு வழி இருந்தால் 20 போர் இரட்டைக்குழல், அதை நடப்பதற்கென்றே வையுங்கள்.

எதை வாங்கினாலும் முதல் வேலை, ஒரு பெரிய தாளை 35 மீட்டரில் நிறுத்தி, நடுவில் புள்ளி வைத்து, வேட்டைக்குப் போடப்போகும் அதே தோட்டாவால் ஒரு தாளுக்கு ஒன்று என மூன்று நான்கு முறை சுடுவது. அடர்ந்த இடத்தைச் சுற்றி 76 செ.மீ. வட்டம் வரைந்து ரவைகளை எண்ணுங்கள், வட்டத்தின் நடுவும் புள்ளியும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். சோக்கில் பொறித்த பெயர் ஒன்று, தாளில் விழுவது வேறொன்று என்பது சாதாரணம்.

என் முதல் துப்பாக்கியில் குறை ஏதும் இல்லை என்று தொடக்கத்தில் எழுதினேன். அது முழு உண்மை அல்ல. அதை நான் தாளில் சுட்டுப் பார்த்தது வாங்கிப் பத்தாண்டு கழித்து. ரவைக் குவியல் புள்ளிக்கு ஒரு சாண் மேலே, இடப்பக்கம் விழுந்தது. நான்கு தாளிலும் அதே இடம். அதற்குள் எத்தனையோ வாத்துகள் தப்பிப் போயிருந்தன. ஒவ்வொரு முறையும் என் கண்ணைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.